பேர்சியன் பூனையும் வன்னி வெக்கையும்: மிருக வைத்தியர் பதில்கள்

கேள்வி: டொக்டர், மத்தியானம் கரன்ட் நின்றால் எங்கட பேர்சியன் பூனை, நாய் இளைக்கிற மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்குது. மயிரை மொட்டையா வழிச்சுவிட்டால் சுகமோ? (வாசகி, கிளிநொச்சி)

மயிரைப் பிறகு பார்ப்போம் தங்கச்சி, முதலில் மூச்சு. நாய் வாய் திறந்து இளைப்பது வழமை. பூனை அப்படிச் செய்தால் அவசரம். பூனைக்கு வியர்ப்பது பாதத்தில் மட்டும்தான். மிச்சச் சூட்டை மூச்சாலும், உடம்பை நக்கி ஈரமாக்கியும்தான் இறக்க வேண்டும். பேர்சியனின் முகத்தை வடிவுக்காக மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தட்டையாக்கியதில் மூக்குத் துவாரம் ஒடுங்கி, காற்றுப்பாதையும் குறுகிப் போய்விட்டது. ஊர்ப்பூனை தாங்கும் வெக்கையை இது தாங்காது.

வாயைத் திறந்தவுடனே நிழலான சீமெந்துத் தரையில் விடுங்கள். பாதம், காது, வயிறு மூன்றையும் சாதாரண தண்ணீர் நனைத்த துணியால் துடைத்து விசிறுங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றவும் கூடாது, வாய்க்குள் தண்ணீர் பருக்கவும் கூடாது. பூனையின் உடல் வெப்பம் 38 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை இருக்கலாம். 40ஐத் தாண்டினால், நாக்கு நீலம் பாய்ந்தால், தள்ளாடினால் நனைத்தபடியே வைத்தியரிடம் ஓடுங்கள். தணிந்து விட்டாலும் ஒருமுறை காட்டத்தான் வேண்டும்.

தகரக் கூரை வீடென்றால் பகல் பதினொன்றிலிருந்து நாலு மணிவரை வீட்டில் ஆகக் குளிர்ச்சியான அறையில் வையுங்கள். உறையவைத்த தண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிப் பக்கத்தில் போட்டால் தானே போய்ச் சாய்ந்து படுக்கும். பூனை படுக்கும் அறையில் நுளம்புத்திரி கொளுத்த வேண்டாம், ஒடுங்கிய மூக்குக்கு அந்தப் புகை கூடாது. மயிரைத் தோல் தெரிய வழித்தால் வெயில் சுடும், வெள்ளைப் பூனைக்கு இன்னும் மோசம். வயிற்றையும் பின்பக்கத்தையும் கட்டையாக வெட்டினால் போதும்.

கேள்வி: கண்ணில் எந்த நேரமும் தண்ணி. மூக்கோரம் மண்ணிறக் கறை. கண் வருத்தமோ? (மாங்குளம்)

பெரும்பாலும் வருத்தமில்லை, அமைப்பு. கண்ணீர் மூக்குக்குள் வடியும் குழாய் தட்டை முகத்தில் மடங்கிக் கிடக்கிறது, அதனால் வெளியே வழிகிறது. கொதித்தாறிய நீரில் பஞ்சை நனைத்து, ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சாக, காலையும் மாலையும் துடைத்துப் பிறகு ஈரத்தை ஒற்றி எடுங்கள். சோளகம் புழுதி அள்ளும் மாதங்களில் இன்னொரு தடவையும் வேண்டிவரும்.

ஆனால் பச்சையாகப் பீளை வந்தால், ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருந்தால், கருவிழியில் கறுப்போ மண்ணிறமோ புள்ளி தெரிந்தால் அன்றே காட்டுங்கள். புடைத்த கண் என்பதால் கீறல் சுலபமாக விழும். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் கண் மருந்தை விடாதீர்கள். அதில் ஸ்டீரொயிட் இருந்தால் புண் ஆழமாகும்.

கேள்வி: முல்லைத்தீவில் மீனுக்குக் குறைவில்லை. சோறும் மீனும்தான் போடுறம். பிஸ்கட் சாப்பாட்டுக்குக் கட்டுப்படியாகாது.

மீன் நல்லது. மீன் மட்டும் போதாது. பூனைக்கு டோரின் என்ற சத்து உணவிலிருந்து கிடைத்தே ஆகவேண்டும். அது குறைந்தால் இதயம் வீங்கிச் செயலிழக்கும் என்று 1987இல் கண்டுபிடித்தார்கள். கண் பார்வையும் போகும். கோழி ஈரல், இதயம், கால் இறைச்சி இவற்றைக் கொஞ்சத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரையும் சேர்த்துக் கொடுங்கள். டோரின் அவித்த நீரில் இறங்கிவிடும், ஊற்றிவிட்டால் நட்டம். ஈரல் வாரத்தில் ஒன்றிரண்டு நாளைக்குக் கொஞ்சம் போதும். சோறு வயிறு நிரப்பத்தான், அளவாக. பச்சை மீன் வேண்டாம். சில மீன்களில் உள்ள நொதி பி1 விற்றமினை அழிக்கும், அவித்தால் அந்த ஆபத்து இல்லை. குழம்பு மீனைக் கழுவிப் போடுகிற பழக்கத்தையும் விடுங்கள். வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். முடிந்தால் நாளில் ஒருவேளையாவது பூனைக்கென்று விற்கும் உணவு கொடுங்கள், வீட்டுச் சாப்பாட்டில் விடுபடும் சத்துகளை அது ஈடுசெய்யும்.

சாப்பிடும்போது ஒருமுறை கவனித்துப் பாருங்கள். பல பேர்சியன்கள் நாக்கின் கீழ்ப்பக்கத்தால்தான் உணவை வழித்தெடுக்கும். குழிக் கிண்ணத்தில் மூக்கு முட்டும். தட்டைக் கோப்பையில் போட்டால் சிந்தாமல் சாப்பிடும்.

கேள்வி: வளவுக்குள்ள போய்வந்தால் நாயுருவி விதை முழுக்க ஒட்டி, மயிர் சிக்காகிக் கட்டியாய்ப் போகுது. கத்தரிக்கோலால வெட்டலாமோ? (நெடுங்கேணி)

வேண்டாம். கட்டியோடு தோலும் மேலே இழுபட்டு நிற்கும், மயிர் என்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவீர்கள். அப்படிக் கிழிந்த தோலைத் தைப்பது எங்களுக்கு வழக்கமான வேலை. கொஞ்சம் சோளமா தூவி, அடிமயிரை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து இரும்புச் சீப்பால் மெல்ல மெல்ல அவிழுங்கள். பிடித்திருந்தால் தோல் இழுபடாது, பூனையும் கடிக்காது. சிக்கெடுக்க முன்னம் குளிப்பாட்டினால் கட்டி கல்லாகும். அவிழாததை வைத்தியர் கிளிப்பரால் எடுப்பார். ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் சீவ முடியாது என்றால் இந்தப் பூனையை வாங்காமல் இருப்பதே நல்லது.

வளவில் விடுவதும் எனக்கு விருப்பமில்லை. வன்னி வளவில் புடையன் பாம்பு இருக்கும், தெருநாய் வரும். இதுவோ ஓடத் தெரியாத பூனை. விறாந்தைக்குக் கம்பிவலை அடியுங்கள்.

கேள்வி: காய்ச்சல் என்று பனடோல் கால்வாசி குடுக்கலாமோ? (ஒட்டுசுட்டான்)

கூடவே கூடாது. அதைச் சிதைக்கும் நொதி பூனையின் ஈரலில் போதாது. ஒரு குளிசை ஒரு பூனையைக் கொல்லும். கொடுத்துவிட்டீர்கள் என்றால், முகம் வீங்கும்வரை, முரசு மண்ணிறமாகும்வரை பார்த்துக்கொண்டு இருக்காமல் உடனே கொண்டு போங்கள். மாற்று மருந்து உண்டு, ஆனால் நேரத்தோடு கொடுக்க வேண்டும். நாய்க்குப் போடும் தெள்ளு மருந்திலும் பெர்மெத்ரின் இருந்தால் இதே கதிதான்.

கேள்வி: மகளின் கையில் வட்டமாய்ப் படர்தாமரை. பூனையால்தான் என்று மாமி அதைக் காட்டுப்பக்கம் விடச் சொல்றா. (வவுனியா)

மாமி சொல்வதில் பாதி சரியாக இருக்கலாம். மைக்ரோஸ்போரம் கானிஸ் என்ற பூஞ்சணம் நீண்ட மயிர்ப் பூனைகளில் வெளியே ஒன்றும் தெரியாமலே தங்கும். ஆனால் பூனையை விட்டாலும், அது உதிர்த்த மயிரில் பூஞ்சணம் மாதக்கணக்காக உங்கள் மெத்தையிலும் கதிரையிலும் இருக்கும். மகளுக்கு டொக்டர், பூனைக்கு மிருக வைத்தியர், வீட்டுக்குத் தினமும் கூட்டித் துடைத்தல், மூன்றும் ஒன்றாக நடக்க வேண்டும். பூனைக்குக் குளிசை பல வாரம் போகும். பாமசியில் கேட்டு வாங்கும் ஸ்டீரொயிட் கிறீம் சிவப்பைக் குறைத்துவிட்டு உள்ளே பரவவிடும். பூனை வீட்டிலேயே இருக்கட்டும் மாமி!

கேள்வி: பெண் பூனையைச் சேர்க்கவிட்டுக் குட்டி விற்கலாம் என்று யோசிக்கிறன். (புதுக்குடியிருப்பு)

நான் ஊக்கப்படுத்த மாட்டேன், தம்பி. பேர்சியன்களில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வரும் பரம்பரை நோய் அதிகம். தாய், தகப்பன் இரண்டில் ஒன்றுக்கு அந்த மரபணு இருந்தாலே குட்டிகளில் பாதிக்கு வர இடமுண்டு. சின்ன வயதில் ஒன்றும் தெரியாது. வாங்கியவர் சில வருடம் கழித்துத்தான் அழுவார். அப்படியும் செய்வதென்றால் 10 மாதம் கடந்த பிறகு இரண்டுக்கும் சிறுநீரக ஸ்கான் எடுத்துவிட்டுச் சேர்க்கவிடுங்கள்.

பிரசவமும் லேசில்லை, குட்டியின் பெரிய வட்டத் தலை சிக்கும். சினைக்காலம் ஏறக்குறைய 65 நாள். பலமாக முக்கி அரை மணித்தியாலம் ஆகியும் குட்டி வராவிட்டால் சத்திரசிகிச்சை வேண்டிவரும். நடுச்சாமத்தில் அதைச் செய்யக்கூடிய வைத்தியர் எங்கே இருக்கிறார், கொண்டுபோக யாருடைய வாகனம் என்று இரண்டையும் சேர்க்கவிட முன்னமே விசாரித்து வையுங்கள்.