ஒன்பது மணிக்கு வேலைக்கு வந்தவர்கள்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். இரவுகளில் பாட்டு எழுதி நானே மெட்டமைத்துப் பார்ப்பேன். ஓராண்டாக அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையில் மூழ்கிக் கிடக்கிறேன். ஃபோர் டாப்ஸ் குழுவின் லீவை ஸ்டப்ஸ் பாடுவதைக் கேட்டு அழுதிருக்கிறேன். ஆனால் அந்தப் பாடல்களை எழுதித் தயாரித்த மூவரில் ஒருவரான லமான்ட் டோசியரைப் பற்றிப் படித்தபோது ஏமாற்றமாக இருந்தது. டெட்ராய்ட்டின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்துக்குக் காலை ஒன்பது மணிக்கு வந்து, வருகையைப் பதிந்துவிட்டு, கார் ஆலையில் உதிரிபாகம் பொருத்துவதுபோலப் பாட்டுச் செய்திருக்கிறார்கள். தொழிற்சாலையில் தயாரான பாட்டில் உண்மை எப்படி இருக்கமுடியும்? இன்று இயந்திரங்கள் பாட்டெழுதுவதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு? சோல் இசையை முறையாகக் கேட்க ஒரு பட்டியல் தரமுடியுமா? கடைசியாக ஒன்று. முழுநேரமும் பாட்டெழுதுவதற்காக வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். தங்கள் கருத்து என்ன?

ஆர்.

அன்புள்ள ஆர்,

உங்கள் கடிதம் வந்த நாட்களில் நானும் டோசியரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் மூத்த கவிஞர் ஒருவர், நாள்தோறும் குறித்த நேரத்தில் எழுத அமர்பவன் குமாஸ்தாவே ஒழியக் கலைஞன் அல்லன் என்று முழங்கினார். அரங்கிலிருந்த இளைஞர்கள் நெடுநேரம் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கான மறுமொழியை மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்த பெயர் டோசியருடையது. நீங்களோ அவரையே சுட்டிக்காட்டி அதே குற்றச்சாட்டை எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இந்தப் பதில் உங்களுக்கு மட்டுமானது அல்ல. சற்றுக் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குரலைக் கேட்டு அழுதேன் என்று எழுதக் கூச்சப்படாத உங்கள் மனம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எங்கோ படித்த ஒரு தகவலுக்காக அந்தக் கண்ணீரை மறுத்துவிடாதீர்கள். பட்டியல் கேட்டிருக்கிறீர்கள், தரமாட்டேன். ஒரு பாட்டு உங்களை அழவைத்துவிட்டதென்றால் அதை எழுதியவர் யார், அடுத்து அவர் எழுதியது எது, அதில் வாசித்தவர் யார் என்று நீங்களே தேடிக்கொண்டு போகவேண்டியதுதான். இயந்திரங்கள் எழுதும் பாட்டைப் பற்றிய கேள்வியையும் ஒதுக்கிவைக்கிறேன். மூன்று மனிதர்கள் ஒரு பியானோவைச் சுற்றி அமர்ந்து செய்த வேலையோடு வேறெதையும் ஒப்பிடுவதற்கு முன்னால், அந்த வேலை இன்னதென்று தெரிந்திருக்கவேண்டும். அது உங்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் என் வருத்தம்.

டோசியர் 1941இல் டெட்ராய்ட்டில் பிறந்தார். அவருடைய பாட்டி வீட்டிலேயே பெண்களுக்கான சிகையலங்கார நிலையம் நடத்திவந்தார். அங்கே வரும் பெண்களைத் தாத்தா ‘சுகர் பை, ஹனி பஞ்ச்’ என்று கொஞ்சலாக அழைத்து வரவேற்பார். அந்தப் பெண்கள் தங்கள் காதலையும் கணவர்களின் துரோகங்களையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதைச் சிறுவன் கேட்டுக்கொண்டிருப்பான். தாத்தாவின் அந்தக் கொஞ்சல் 1965இல் ஃபோர் டாப்ஸ் பாடிய ‘ஐ கான்ட் ஹெல்ப் மைசெல்ஃப்’ பாட்டின் முதல் சொற்களாகி, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் வரை சென்றது. காதலியோடு சச்சரவு முற்றிய ஒரு நேரத்தில் தன் வாயிலிருந்து வந்துவிழுந்த ‘ஸ்டாப் இன் த நேம் ஆஃப் லவ்’ என்ற சொற்களை அவர் மறந்துவிடவில்லை; அதே ஆண்டில் அது சுப்ரீம்ஸ் குழுவின் பாட்டாயிற்று. வானொலியில் அவசரச் செய்திக்கு முன் ஒலித்த தந்திக் கருவியின் ஓசை, ‘யூ கீப் மீ ஹேங்கின் ஆன்’ பாட்டில் விட்டுவிட்டு மீட்டப்படும் கிட்டாராயிற்று. ஒன்பது மணிக்கு மோட்டவுனுக்குள் நுழைந்தவர் வெறும் ஆளாக நுழையவில்லை, ஆர். பிறந்ததிலிருந்து காதில் விழுந்த அத்தனையையும் எடுத்துக்கொண்டு வந்தார். ஒன்பது மணி என்பது அவற்றை வெளியே எடுத்துவைப்பதற்கு அவர் ஏற்றுக்கொண்ட நேரம், அவ்வளவுதான்.

தொழிற்சாலை என்று நீங்கள் எழுதிய இடத்தில் ஓர் இளக்காரம் இருக்கிறது. அதை நான் விடப்போவதில்லை. 1959இல் குடும்பச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் வாங்கி அந்த நிறுவனத்தைத் தொடங்கிய பெர்ரி கார்டி, அதற்குமுன் லிங்கன் மெர்க்குரி கார் ஆலையில் தொழிலாளியாக இருந்தவர். ஒரு முனையில் வெறும் சட்டகமாக ஏறுவது மறுமுனையில் புதிய காராக இறங்குவதை நாள்தோறும் கண்டவர், தெருவிலிருந்து உள்ளே வரும் ஒரு பையனும் பெண்ணும் அவ்வாறே தேர்ந்த பாடகராக வெளியே போகமுடியும் என்று எண்ணினார். வெஸ்ட் கிராண்ட் புலவார்டில் 2648ஆம் எண் வீட்டை வாங்கி அதற்குள்ளேயே ஒலிப்பதிவுக்கூடம் அமைத்தார். வாரந்தோறும் தரக்கட்டுப்பாட்டுக் கூட்டம் நடத்தினார். பசித்திருப்பவன் கையில் கடைசியாக ஒரு டாலர் இருந்தால் இந்த இசைத்தட்டை வாங்குவானா, சாண்ட்விச் வாங்குவானா என்பது அவர் அங்கே கேட்கும் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்பவனுக்குப் பசி என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். டெட்ராய்ட்டின் கறுப்பினக் குடும்பங்களில் பெரும்பாலானவை, அமெரிக்கத் தெற்கின் பருத்தி வயல்களையும் அங்கிருந்த கொடுமைகளையும் விட்டு, கார் ஆலையில் கூலி கிடைக்கும் என்று நம்பி வடக்கே வந்தவை. ஆலைச் சம்பளத்தில்தான் அவர்கள் வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள், கூடத்தில் ஒரு பழைய பியானோவை வாங்கி நிறுத்தினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஒரு வீட்டுக்குள் பாட்டு ஆலை நடத்தினார்கள் என்றால் அதைக் கேட்டு முகம் சுளிக்க நாம் யார்?

வேலை எப்படி நடந்தது என்று பார்ப்போம். மூவரில் டோசியரும் பிரையன் ஹாலண்டும் பியானோவில் மெட்டைக் கண்டுபிடித்து, வாத்தியங்களைப் பதிவுசெய்து, தயாரிப்பைக் கவனித்தார்கள். பிரையனின் அண்ணன் எட்டி ஹாலண்ட் பெரும்பாலான வரிகளை எழுதினார். எட்டி தானே ஒரு பாடகர், மேடையச்சத்தால் ஒதுங்கியவர், ஆகவே எழுதிய வரியை எப்படிப் பாடவேண்டும் என்று பாடகருக்குக் கற்றுத்தரும் பொறுப்பும் அவருடையதாயிற்று. 1964இல் ‘வேர் டிட் அவர் லவ் கோ’ பாட்டை அவர்கள் மார்வலெட்ஸ் குழுவுக்காகத்தான் செய்தார்கள். அக்குழு அதை வேண்டாம் என்றுவிட்டது என்று டோசியர் பலமுறை சொல்லியிருக்கிறார். அதன்பின் அது, அதுவரை ஒரு பெரிய வெற்றியும் காணாத சுப்ரீம்ஸ் குழுவுக்குப் போனது, அவர்களுக்கும் விருப்பமில்லை. பாட்டு வேறொரு பெண்ணின் தாழ்ந்த குரலுக்கான சுருதியில் ஏற்கெனவே பதிவாகியிருந்ததனால் சுப்ரீம்ஸின் பாடகி டயானா ராஸ் தன் வழக்கமான உயரத்திலிருந்து இறங்கிப் பாடவேண்டியிருந்தது. அந்த இறக்கத்தில்தான் உலகம் பிறகு கேட்டு மயங்கிய அந்த நெருக்கமான, மூச்சுக் கலந்த குரல் வெளிப்பட்டது. துணைக்குரல்களுக்கென எண்ணியிருந்த சிக்கலான அமைப்பைக் கைவிட்டு ‘பேபி, பேபி’ என்று இரண்டே சொல்லை வைத்தார்கள். தாளத்துக்கு மரப்பலகைகளை மிதித்து ஓசை எழுப்பினார்கள். ஆகஸ்டில் அது முதலிடம் பெற்றது. அதிலிருந்து 1967க்குள் இம்மூவரும் அக்குழுவுக்குப் பத்துப் பாடல்களை முதலிடத்துக்குக் கொண்டுசென்றார்கள்.

இப்போது உங்களை அழவைத்த குரலுக்கு வருகிறேன். லீவை ஸ்டப்ஸின் இயல்பான குரல் கனத்த பாரிட்டோன், அதிகம் மேலே ஏறாத ஆண்குரல். அவருக்கு வசதியான சுருதியில் பாட்டமைத்திருந்தால் அவர் கம்பீரமாகப் பாடிவிட்டுப் போயிருப்பார். இம்மூவரும் வேண்டுமென்றே அவருடைய எல்லையின் உச்சியில் மெட்டை வைத்தார்கள். எட்டமுடியாததை எட்டுவதற்காக அந்தக் குரல் திணறவேண்டும், உடையவேண்டும், மன்றாடவேண்டும் என்று எண்ணினார்கள். 1966இல் வந்த ‘ரீச் அவுட் ஐ வில் பி தேர்’ பாட்டில் பாதி பேச்சாகவும் பாதி கூவலாகவும் அவர் வரிகளை எறிவதைக் கேளுங்கள். நீங்கள் அழுதது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். அந்த இடம் ஒரு தீர்மானத்தால் உருவானது. நான்கு ஸ்வரம் கீழே வைத்திருந்தால் நீங்கள் அழுதிருக்கமாட்டீர்கள். இது தெரிந்ததும் ஏமாற்றப்பட்டதாக எண்ணுகிறீர்கள் என்றால், உங்களுக்குக் கலையைப் பற்றி யாரோ மிகத் தவறாகச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஒரு மனிதனின் குரல் எந்த உயரத்தில் நொறுங்கும் என்று அறிந்திருப்பதற்கு, அவனை எவ்வளவு கூர்ந்து, எவ்வளவு அன்போடு கேட்டிருக்கவேண்டும்! ஸ்டப்ஸின் திணறல் நடிப்பு அல்ல. அவர் உண்மையிலேயே திணறினார். அவர் திணறுவதற்கான இடத்தை நண்பர்கள் ஒழுங்காகக் கட்டிக்கொடுத்தார்கள். உணர்ச்சி தானாகப் பொங்கும்வரை காத்திருந்தால் அது பெரும்பாலும் பொங்குவதே இல்லை. பொங்கினாலும் எழுதியவனுக்கு மட்டுமே கேட்கும். உங்கள் கண்ணீர் டெட்ராய்ட்டிலிருந்து இத்தனை ஆண்டுகள் கடந்து உங்களிடம் வந்து சேர்ந்தது, மூன்று பேர் சுருதியைப் பற்றிச் சரியாக முடிவெடுத்ததனால். இதைத்தான் அந்தக் கூட்டத்திலும் எழுந்து சொல்லியிருப்பேன். நேரமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

என் கல்லூரி நாட்களில் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கேசட் பதிவுக் கடை இருந்தது. பாட்டுகளின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொடுத்தால் இரண்டு நாளில் பதிவுசெய்து தருவார்கள். கடைக்கார அண்ணன் ஆங்கிலப் பாட்டு கேட்பவர். ஃபில் காலின்ஸ் பாடிய ‘யூ கான்ட் ஹரி லவ்’ பாட்டை அவர்தான் முதலில் போட்டுக்காட்டினார். அட்டையில் பாட்டின் பெயருக்குக் கீழே, கண்ணை இடுக்கிப் படிக்கவேண்டிய எழுத்தில், ஹாலண்ட், டோசியர், ஹாலண்ட் என்று இருந்தது. யார் அண்ணா இவர்கள் என்று கேட்டேன். பாடுபவன் பெயரை ஊருக்கே தெரியும், பாட்டைச் செய்தவன் பெயரை நாம்தான் தேடிப் படிக்கவேண்டும் தம்பி என்றார். அன்றுமுதல் எந்தப் பாட்டானாலும் சிறிய எழுத்தைத்தான் முதலில் படிக்கிறேன். அந்த அண்ணன் கடையைத் திறக்கும் நேரமும் காலை ஒன்பதுதான். ஒரு நாளும் தவறியதில்லை.

மோட்டவுன் மேல் கோபப்படவேண்டும் என்றால் அதற்கு வேறு காரணம் இருக்கிறது. நீங்கள் அதைத் தொடவே இல்லை. 1967இன் பிற்பகுதியில் இம்மூவரும் வேலையை மெல்ல நிறுத்தினார்கள். தாங்கள் ஈட்டித்தந்ததில் தங்களுக்குரிய பங்கு வரவில்லை என்பது அவர்களுடைய மனக்குறை. 1968இல் நிறுவனம் அவர்கள்மீது 40 லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது. அவர்கள் 2 கோடியே 20 லட்சம் டாலர் கேட்டு எதிர்வழக்குத் தொடுத்தார்கள். இன்விக்டஸ், ஹாட் வாக்ஸ் என்று சொந்த நிறுவனங்களைத் தொடங்கியபோது, வழக்கின் காரணமாகத் தங்கள் பெயரையே போட்டுக்கொள்ள முடியவில்லை. 1970இல் ஃப்ரெடா பெய்ன் பாடி பிரிட்டனில் முதலிடம் பெற்ற ‘பேண்ட் ஆஃப் கோல்ட்’ பாட்டின் இசைத்தட்டில் ஈடித் வெய்ன் என்ற புனைபெயர் இருக்கிறது. அந்தக் காலத்தின் மிகச் சிறந்த பாட்டாசிரியர்கள் அதன் பின்னே மறைந்து நின்றார்கள்.

அவர்களுக்காவது வழக்குப் போடும் வலிமை இருந்தது. அந்தப் பாடல்களில் வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் கலைஞர்களின் பெயர்கள் ஆண்டுக்கணக்கில் எந்த உறையிலும் அச்சாகவில்லை. 1971இல் பாடகர் மார்வின் கேயின் தொகுப்பு ஒன்றில்தான் முதன்முறையாக முறைப்படி இடம்பெற்றன. மறுஆண்டு நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம்மாறியபோது, ஒலிப்பதிவுக்கூடத்தின் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் செய்தி தெரிந்தது என்று அவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். ‘பெர்னடெட்’ பாட்டில் பேஸ் கிட்டாரை ஒரு தனிப் பாடகரைப்போலவே பேசவைத்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1983இல் 47 வயதில் இறந்தார். அவர் பெயரைப் பொதுமக்கள் பரவலாக அறிந்தது அதற்குப் பிறகுதான். ஆலை என்பதால் பாட்டு பொய்யாகவில்லை. ஆலையில் நடக்கக்கூடிய அநீதி அங்கேயும் நடந்தது. உண்மை இருக்கிறதா என்று பாட்டைச் சந்தேகிக்கும் நீங்கள், கூலி ஒழுங்காகக் கொடுத்தார்களா என்று ஒரு முறையாவது கேட்டிருக்கலாம்.

டோசியர் 1973இல் ஹாலண்ட் சகோதரர்களிடமிருந்து பிரிந்தார். தானே பாடினார், 1977இல் ‘கோயிங் பேக் டு மை ரூட்ஸ்’ வந்தது. பின்னர் இங்கிலாந்தில் வாழ்ந்து, தன்னைக் கேட்டு வளர்ந்த அலிசன் மோயே, சிம்ப்ளி ரெட் போன்ற இளையவர்களுக்குப் பாட்டெழுதினார். அந்த ஃபில் காலின்ஸோடு சேர்ந்து 1988இல் எழுதிய ‘டூ ஹார்ட்ஸ்’ கோல்டன் குளோப் விருதும் கிராமி விருதும் பெற்றது. 2022 ஆகஸ்டில், 81ஆம் வயதில் இறந்தார்.

வேலையை விடுவதா வேண்டாமா என்பதை உங்கள் வருமானத்தை அறிந்த வீட்டாரோடு பேசி முடிவெடுங்கள். நான் சொல்வதற்கு அதில் ஒன்றுமில்லை. உங்கள் நீண்ட கடிதத்தில் நீங்கள் எழுதிய பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதுதான் எனக்குக் குறையாகத் தெரிந்தது. எதைப் பற்றி எழுதினீர்கள், மெட்டு எங்கே சிக்கிக்கொண்டது, எந்தச் சுருதியில் வைத்தீர்கள், அதைப் பாடப்போகும் குரல் யாருடையது? அடுத்த கடிதத்தில் அவற்றை எழுதுங்கள்.

அன்புடன்.