மலைச்சரிவில் இருக்கும் வீட்டின் வெளிச்சுவருக்குக் கம்புச் சாரம் போதுமா, இரும்புச் சாரம்தான் வேண்டுமா?

கோத்தகிரியில் வீடு. ரோட்டுப் பக்கம் பார்த்தால் ஒரு மாடி, பள்ளத்துப் பக்கம் பார்த்தால் மூன்று மாடி உயரம். அந்தப் பின்சுவர் முழுக்க ஓதம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. கொத்திவிட்டுப் புதிதாகப் பூசி பெயிண்ட் அடிக்க வேண்டும். கம்புச் சாரத்துக்கும் இரும்புச் சாரத்துக்கும் வாடகையில் நிறைய வித்தியாசம் வருகிறது, எதை எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் குன்னூர், கோத்தகிரி பக்கம் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்க்கிறவன். உங்கள் சுவருக்கு இரும்புச் சாரமே எடுங்கள். ஆனால் மேஸ்திரியிடம் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு இருக்கின்றன. சாரத்தின் கால் எதன் மேல் நிற்கப் போகிறது? சாரத்தைச் சுவரோடு எந்தெந்த இடத்தில் பிடித்துக் கட்டப் போகிறார்கள்? இந்த இரண்டுக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டிப் பதில் சொல்லத் தெரியாதவர் கையில் இரும்பு கிடைத்தாலும் ஆபத்துதான்.

முதலில் கால். இங்கே வீடு கட்டும்போது முன்பக்கம் மேட்டை வெட்டி, அந்த மண்ணைப் பின்பக்கம் கொட்டித் தளம் சமன் செய்வது வழக்கம். அதனால் பின்சுவரை ஒட்டி மூன்று நான்கு அடிக்குத் தரை சமமாகத் தெரியும். பார்க்க உறுதியாக இருக்கும், ஆனால் அது கொட்டிய மண். இரண்டு நாள் மழை பெய்தால் கடப்பாரை தானாக இறங்கும். அதற்கு அப்பால் கருங்கல் தடுப்புச் சுவர், பல வீடுகளில் சாந்தே வைக்காமல் அடுக்கிய கல். சாரத்தின் வெளிவரிசைக் கால் சரியாக அந்தத் தடுப்புச் சுவரின் தலைமேலோ, அதன் ஓரத்திலோதான் வந்து விழும். ஆட்கள், சாந்து, பலகை எல்லாம் சேர்ந்த பாரம் அந்த ஓரத்தை அழுத்தினால் கல் வெளியே தள்ளும். சாரத்தோடு தடுப்புச் சுவரும் போகும், கீழே பக்கத்து வீட்டின் தகரக் கூரை இருக்கிறது என்றால் அதுவும் சேரும்.

ஆகவே கொட்டிய மண்ணைத் தோண்டி, கெட்டியான பழைய மண் தட்டுப்படும் இடத்தில் கால் ஊன்றச் சொல்லுங்கள். சரிவிலேயே கால் நிற்க வேண்டியிருந்தால், ஒவ்வொரு காலுக்கும் படி மாதிரி வெட்டித் தரையை மட்டமாக்க வேண்டும். சரிந்த மண்ணில் காலின் அடியில் வரும் இரும்புத் தட்டை வைத்தால் ஒரு ஓரம்தான் பாரம் தாங்கும். இரும்புத் தட்டுக்கு அடியில் தடித்த மரப்பலகை போட வேண்டும், ஒரு பலகை குறைந்தது இரண்டு காலையாவது தாங்கும் நீளத்தில். உயரம் போதவில்லை என்று செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கி அதன் மேல் காலை நிறுத்துவார்கள், அதை மட்டும் அனுமதிக்கவே அனுமதிக்காதீர்கள். ஒரு புள்ளியில் பாரம் விழும்போது செங்கல் சொல்லாமல் பிளக்கும். கூரைத் தண்ணீர் வந்து கொட்டும் இடத்தைப் பார்த்து, கால்களை விட்டு விலகிப் போகும்படி ஒரு சின்ன வாய்க்காலும் வெட்டிவிடுங்கள்.

இந்தச் சரிவு விஷயத்தில்தான் கப்லாக் சாரம் கைகொடுக்கிறது. அதன் செங்குத்துக் குழாயில் அரை மீட்டருக்கு ஒரு கிண்ணம் இருக்கும், குறுக்குக் குழாயை அதில் மாட்டி மேல் கிண்ணத்தைத் தட்டி இறுக்குவார்கள். தரை ஏறி இறங்கும் இடத்தில் அரை அரை மீட்டராக மாற்றி மாட்டிக்கொள்ளலாம், மிச்சத்தை அடியில் இருக்கும் திருகு ஜாக்கியில் சரிசெய்யலாம். ஜாக்கியை முழுக்க வெளியே திருகி எடுத்து நிறுத்தக்கூடாது, அது ஆட ஆரம்பிக்கும். ஆறு மீட்டர் நீளக் குழாயும் கிளாம்பும் வைத்துக் கட்டும் பழைய முறையும் நல்லதுதான், எந்த உயரத்திலும் இணைக்கலாம். ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் வரும் அவ்வளவு நீளக் குழாயை, லாரி நிற்கும் ரோட்டிலிருந்து உங்கள் வீட்டுப் படிக்கட்டு வளைவுகளில் திருப்பி இறக்குவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும். கப்லாக்கில் துண்டுகள் சின்னது, தலைச்சுமையாகவே இறக்கிவிடலாம்.

அடுத்தது கட்டு. சுவரோடு பிடிப்பு இல்லாமல் சாரம் தன் காலிலேயே நிற்கலாம், ஆனால் அடி அகலத்தைப் போல மூன்று மடங்கு, போனால் நான்கு மடங்கு உயரம் வரைதான். உங்கள் சாரத்தின் அகலம் ஒன்றே கால் மீட்டர் என்று வையுங்கள், நான்கு மீட்டர் தாண்டும்போதே பிடிப்பு வந்துவிட வேண்டும். பள்ளத்துப் பக்கமாகச் சாரம் விழுந்தால் அது விழும் உயரம் சுவரின் உயரம் மட்டும் இல்லை, கீழே இருக்கும் சரிவும் சேர்த்து.

நல்ல பிடிப்பு ஜன்னல்தான். ஜன்னல் வழியாக ஒரு குழாயை உள்ளே விட்டு, உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஜன்னலைவிட நீளமான ஒவ்வொரு குழாயைக் குறுக்கே வைத்துச் சுவரோடு அணைத்துக் கிளாம்ப் போட்டால், சாரம் வெளியேயும் சாயாது, உள்ளேயும் தள்ளாது. இதற்காக அந்த அறைகளின் ஜன்னலை வேலை முடியும்வரை மூட முடியாது. குளிர் மலையில் இது பெரிய தொந்தரவு என்று தெரியும், பிளாஸ்டிக் தாளை ஒட்டிச் சமாளியுங்கள். தண்ணீர்க் குழாயில் கட்டுவது, சன்ஷேடில் கயிற்றைச் சுற்றுவது, கூரையின் தகர ஆணியில் மாட்டுவது எல்லாம் பிடிப்பே இல்லை. பலகையைச் சன்ஷேடின் மேல் தாங்க வைத்து ஏறி நிற்பதும் அப்படித்தான். அந்தக் கான்கிரீட் நுனியில் ஆள் நின்று சுவர் கொத்துவதற்காக வார்த்தது கிடையாது.

இன்னொன்று. மஞ்சும் சாரலும் வந்து பூச்சைக் கெடுக்கிறது என்று சாரத்தின் வெளிப்பக்கம் தார்ப்பாயைக் கட்டுவார்கள். பூச்சுக்கு நல்லதுதான், ஆனால் பள்ளத்திலிருந்து மேலேறி வரும் காற்றுக்கு அது பாய்மரம் விரித்த மாதிரி. தார்ப்பாய் கட்டுவதென்றால் சுவர்ப் பிடிப்பை இரட்டிப்பாக்குங்கள், காற்று பலமாகும் அன்று பாயை அவிழ்த்துவிடுங்கள். பச்சை வலை கட்டினால் காற்று கொஞ்சம் உள்ளே நுழைந்து போகும்.

சரி, கம்புச் சாரத்தை ஏன் வேண்டாம் என்கிறேன்? தரைமட்டத்தில் ஒரு மாடிச் சுவருக்கு, நல்ல சவுக்கும் நல்ல கயிறும் தெரிந்த கையும் இருந்தால் நான் மறுப்பே சொல்ல மாட்டேன். இங்கே கிடைப்பது பெரும்பாலும் கற்பூர மரக் கம்பு, அதாவது யூகலிப்டஸ். 1843 வாக்கில் விறகுக்காக நீலகிரிக்குக் கொண்டுவந்த மரம் அது, இன்று எங்கும் நிற்கிறது. பச்சையாக வெட்டிய கம்பு காயும்போது சுருங்கும், திருகித் திருகிப் பிளக்கும். பட்டை உரிந்தால் வழவழப்பு, மஞ்சில் நனைந்தால் கயிறு அதில் வழுக்கும். கயிறும் அப்படியே. தேங்காய் நார்க் கயிறு நனைந்தால் இறுகும், வெயில் பட்டுக் காய்ந்தால் தளரும். காலையில் மஞ்சு, பதினொரு மணிக்கு வெயில், மூன்று மணிக்கு மறுபடி மஞ்சு என்று இருக்கும் ஊரில் ஒரு முடிச்சு ஒரே நாளில் எத்தனை முறை இறுகித் தளர்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நைலான் கயிறு நனைந்த கம்பில் இன்னும் மோசமாக வழுக்கும், மலை வெயிலில் சீக்கிரம் இற்றுப்போகும். உங்கள் தோட்டத்தில் மரம் நிற்கிறதே, வெட்டிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால், மலைப் பகுதியில் சொந்த நிலத்து மரத்துக்கும் 1955-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சாரமானாலும் இரண்டு வரிசைக் கால் வைத்ததாக இருக்கட்டும். செலவைக் குறைக்க ஒரே வரிசைக் கால் நட்டு, குறுக்குக் கட்டையின் மறுமுனையைச் சுவரில் ஓட்டை போட்டுச் செருகுவார்கள். உங்கள் சுவர் ஏற்கனவே ஓதம் ஏறிய சுவர். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவ மழை நேராகச் சுவரில்தான் வந்து அடிக்கும். சாரம் பிரிக்கும்போது அவசர அவசரமாகச் சாந்தை அப்பி மூடிய ஒவ்வொரு ஓட்டையும் அடுத்த நவம்பரில் உள்சுவரில் ஒரு கறையாக வந்து நிற்கும். கல்சுவருக்கு இந்த முறை அறவே ஆகாது. ஊட்டியில் கோவை கலெக்டராக இருந்த சல்லிவன் 1822-ல் கட்டத் தொடங்கிய கல் பங்களா மாதிரி, சிமென்ட் வருவதற்கு முந்தைய கட்டடங்கள் இந்த மலையில் நிறைய உண்டு. சுண்ணாம்புச் சாந்திலோ மண் சாந்திலோ கட்டிய அந்தச் சுவர்களில் ஓட்டை போட்டு ஆணியும் போல்ட்டும் இறக்கினால் பிடிப்பும் நிற்காது, கல்லும் அசையும். அங்கே ஜன்னல் வழிப் பிடிப்புதான் ஒரே வழி.

வாடகை பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். மலையில் சாரம் நிற்கும் நாட்களில் பாதிதான் வேலை நடக்கும். மஞ்சு இறங்கினால் பூச்சு காயாது, ஈரச் சுவரில் பெயிண்ட் அடித்தால் கொப்பளிக்கும், உறைபனிக் காலத்தில் காலை பத்து மணிவரை சுவரையே தொட முடியாது. நாள் வாடகை என்று ஒத்துக்கொண்டால் மஞ்சுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவீர்கள். வேலை முடியும்வரை மொத்தமாக ஒரு தொகை பேசுங்கள். உங்கள் பக்கத்துக்குப் பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள். ஏப்ரல் பாதிக்கு மேல் கோடை இடி மழை வரும், இடி கேட்டதும் இரும்புச் சாரத்திலிருந்து எல்லாரும் இறங்கிவிட வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் இருப்பவர்கள் இதைப் படித்தால், உங்களுக்குத் தென்மேற்கு மழைதான் கணக்கு, டிசம்பரிலேயே ஆரம்பிக்கலாம். பொங்கலுக்குச் சமவெளி ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த நாட்களில் ஏணியையும் கீழ்ப் பலகைகளையும் கழற்றி வைத்துவிடுங்கள், குழந்தைகள் ஏறும்.

சாரம் ஏற்றுவதற்கு முன் தலையைத் தூக்கிப் பாருங்கள். மேட்டுக் கம்பத்திலிருந்து பள்ளத்து வீட்டுக்கு வரும் மின்கம்பி கூரை விளிம்பை உரசியபடி போகும். நீளக் குழாயைத் தூக்கி நிறுத்தும் ஒரு நொடி போதும். மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து அன்று இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். கூரைக்கு அடியில் மலைத்தேனீக் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். தரையில் தேனீ துரத்தினால் ஓடலாம், மூன்றாவது தட்டில் நிற்பவர் எங்கே ஓடுவார்? கூடு இருந்தால் தெரிந்த ஆளை வைத்து முதலில் அதை அகற்ற வேண்டும், புகை போட்டுப் பார்க்கிறேன் என்று பெயிண்டர் பையனை மேலே அனுப்பக்கூடாது. இரவில் காட்டெருமை வீட்டைச் சுற்றி நடமாடும் இடமென்றால், காலையில் யாரும் ஏறுமுன் அடிக்கால்களை ஒரு சுற்று பார்த்துவிட வேண்டும். அது உடம்பை உரசிவிட்டுப் போன காலில் பலகை நகர்ந்திருக்கும்.

இனி மேலே நிற்கிற மனிதர்கள். சாந்துச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் கம்பைப் பிடித்து, சேலை தடுக்கத் தடுக்க ஏறும் சித்தாள் பெண்களை நம் ஊரில் பார்க்காதவர் இல்லை. பழகிப்போனதால் நமக்கு அது உறுத்துவதில்லை. எனக்கு உறுத்துகிறது. ஒரு கப்பியும் வாளியும் கயிறும் போட்டால் அந்த அக்கா சட்டியோடு ஏற வேண்டியதே இல்லை. ஏணியை நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி வெளியே தள்ளிச் சாய்த்து, தலையைக் கட்டி, தட்டுக்கு மேல் ஒரு மீட்டராவது நீட்டி வையுங்கள். தட்டில் பலகை இடைவெளி இல்லாமல் முழு அகலத்துக்கும் இருக்கட்டும், ஒற்றைப் பலகையில் நின்று யாரும் சுவர் கொத்தக்கூடாது. இடுப்புக்கு மேல் உயரத்தில் ஒரு கைப்பிடிக் குழாய், நடுவில் ஒன்று, காலடியில் கரண்டியும் கல்லும் கீழே உருளாமல் ஒரு பட்டைப் பலகை. பள்ளத்துப் பக்கம் உருண்ட கல் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. பெல்ட் கொடுத்தால் இடுப்பு பெல்ட் வேண்டாம், தோளும் தொடையும் சேர்த்துப் பிடிக்கும் முழு ஹார்னஸ் கொடுங்கள். அதைச் சாரத்தில் மாட்டாமல் கட்டடத்தின் தூணிலோ பீமிலோ கட்டிய தனிக் கயிற்றில் மாட்ட வேண்டும்.

ஆட்கள் வடமாநிலத் தம்பிகளாக இருந்தால், இதையெல்லாம் இந்தியில் சொல்ல ஒருவர் முதல் நாள் கூடவே இருக்கட்டும். எல்லாருக்கும் கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை இருக்கிறதா என்று மேஸ்திரியிடம் கேளுங்கள், இல்லாதவர்களைப் பதியச் சொல்லுங்கள்.

பிரிக்கும் நாளில்தான் எல்லாருக்கும் அவசரம். பெயிண்ட் முடிந்தது, வாடகை ஓடுகிறது என்று முதல் வேலையாகச் சுவர்ப் பிடிப்புகளை எல்லாம் அவிழ்த்துவிடுவார்கள். கூடாது. மேல் தட்டைக் கழற்றிய பிறகே அந்தத் தட்டின் பிடிப்பு, அப்புறம் அடுத்த தட்டு, இப்படி மேலிருந்து கீழாக மட்டும். குழாயைக் கயிற்றில் இறக்க வேண்டும், போடக்கூடாது.

பின்சுவரின் நீளம், ஜன்னல்கள் எங்கெங்கே வருகின்றன, சுவரிலிருந்து தடுப்புச் சுவர் எத்தனை அடி என்று அளந்து, ஒரு படத்தோடு கருத்தில் போடுங்கள். கால் எங்கே ஊன்றலாம், எத்தனை ஜன்னலில் பிடிக்கலாம் என்று குறித்துத் தருகிறேன்.