பாட்டியை எழுதுவது: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

என் அம்மையின் அம்மா போன ஐப்பசியில் காலமானார். கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம் பனைவிளைகளுக்கு நடுவே வாழ்ந்தவர். தாத்தா பனையேறி. ஆண்டு நினைவுக்குப் பதினாறு பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் அச்சிட்டு உறவினர்களுக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்து, எழுதும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கம் எழுதினேன். ‘கடின உழைப்பாளி’, ‘அன்பின் உறைவிடம்’, ‘எங்களுக்காக ஓடாய்த் தேய்ந்தவர்’. அதற்கு மேல் நகரவில்லை. வாசித்துப் பார்த்தால் யாருடைய பாட்டிக்கும் பொருந்துகிறது.

வயதுகூட உறுதியில்லை. ஆதாரில் 1.1.1932 என்று இருக்கிறது. ‘கோயிலத் திறந்துவிட்ட வருசம் நான் மூணாங்கிளாஸு’ என்பார் பாட்டி. பழைய ஓலை ஒன்றில் அவர் பிறந்தது 1104 கார்த்திகை என்று எழுதியிருப்பதாக மாமா சொல்கிறார். சின்ன வயதுக் கணக்கெல்லாம் சக்கரம் என்ற பழைய திருவிதாங்கூர் நாணயத்தில்தான் சொல்வார், அதுவும் எனக்குப் புரியவில்லை. பெரியத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது, அவர்தான் பாட்டியோடு விடிலியில், கருப்பட்டி காய்ச்சும் ஓலைக்குடிசையில், கூட நின்றவர். அவரிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

கருங்கலிலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் வயதை முடித்துவிடுவோம். ஓலையில் இருப்பது கொல்லம் ஆண்டு, அன்று நம் பக்கத்தில் வழங்கிய ஆண்டுக் கணக்கு. அது ஆவணி முதல் நாளில், ஆகஸ்ட் மாத நடுவில் பிறக்கும். அதை ஆங்கில ஆண்டாக்க, ஆவணியிலிருந்து டிசம்பர் கடைசி வரையுள்ள நாட்களுக்கு 824 கூட்ட வேண்டும். ஜனவரியிலிருந்து ஆடி முடியும் வரை 825. எல்லாவற்றுக்கும் 825 கூட்டி ஒரு வருடத்தைத் தவறவிடுகிறவர்கள் நிறையப் பேர். 1104 கார்த்திகை என்றால் 1928 நவம்பர், டிசம்பர். அன்று நம் ஊர் இருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோயிலைத் திறந்துவிட்ட ஆலயப் பிரவேச விளம்பரம் வந்தது 1936 நவம்பர் 12. அன்று பாட்டிக்கு எட்டு வயது நிறையும் தறுவாய், மூணாங்கிளாஸ் சரியாக வருகிறது. ஓலையும் வாய்ச்சொல்லும் ஒத்துப்போகும்போது ஆதாரை விட்டுவிடலாம். பிறந்த நாள் தெரியாதவர்களுக்கு ஜனவரி 1 என்று எழுதிவிடுவது அலுவலக வழக்கம்.

சக்கரக் கணக்கு இது: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அதாவது ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரை. பாட்டி சொன்ன விலைகளை இன்றைய ரூபாய்க்கு மாற்றாதீர்கள், அந்த எண்ணுக்குப் பொருளே இருக்காது. ஒரு கருப்பட்டி விற்ற சக்கரத்துக்கு எத்தனை நாழி அரிசி கிடைத்தது என்று தெரிந்தால் அதை எழுதுங்கள்.

பெரியத்தையிடம் வருடம் கேட்காதீர்கள். ‘அப்போ யார் இடுப்பில இருந்தது?’ என்று கேளுங்கள். வருடம் மறந்துபோகும், எந்தப் பிள்ளை கைக்குழந்தையாக இருந்தது என்பது மறக்காது. 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போய், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்று, வீட்டுக்கு வீடு மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிடித்த காலத்தில் உங்கள் பாட்டிக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது. 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும், தமிழ்நாட்டோடு சேரப் போராடியவர்கள்மீது துப்பாக்கிச் சூடு. 1956 நவம்பர் 1இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். 1979இல் நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது. இந்த நான்கையும் நாட்டி, நடுவில் பிள்ளைகளைப் பிறந்த வரிசையில் வையுங்கள். பாட்டியின் ஆயுள் தானாக விரியும்.

இனி அந்த இரண்டு பக்கம். ‘உழைப்பாளி’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் வேலையை எழுதுங்கள், அளவோடும் வரிசையோடும். பனையேறியின் வீட்டில் பாதி வேலை மரத்தில் நடந்தது, மீதி விடிலியில் நடந்தது. மரத்து வேலையைப் பற்றிப் பேச ஆள் உண்டு. விடிலி வேலையை யாரும் எழுதிவைக்கவில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

கணக்கு இப்படிப் போகும். தாத்தா 25 பனை ஏறினார் என்று வையுங்கள், மரத்துக்கு இரண்டரை லிட்டர் அக்கானி (பதநீர்) என்றால் தினம் 60 லிட்டருக்கு மேல் வரும். பத்து லிட்டர் காய்ச்சினால் ஏறக்குறைய ஒரு கிலோ கருப்பட்டி. அப்படியானால் உங்கள் பாட்டி ஆறு கிலோ கருப்பட்டிக்காகத் தினமும் ஐம்பது லிட்டருக்கு மேல் தண்ணீரைத் தீயால் வற்றவைத்திருக்கிறார். அத்தனைக்கும் விறகு வேண்டும். காய்ந்த ஓலை, மட்டை, சுள்ளி, தேங்காய்க் கதம்பை என்று கிடைத்ததையெல்லாம் பொறுக்கிச் சேர்த்ததும் அவராகத்தான் இருக்கும். நூறு நாள் காய்ச்சியிருந்தால் ஆறாயிரம் லிட்டர், அறுநூறு கிலோ. எத்தனை பனை, எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடித்தார்கள் என்பதை மட்டும் பெரியத்தையிடம் கேட்டு என் எண்களைத் திருத்திக்கொள்ளுங்கள்.

அக்கானி காத்திருக்காது. கலயத்தின் உள்புறம் பூசிய சுண்ணாம்புதான் அது புளிக்காமல் தடுக்கிறது. சுண்ணாம்பு குறைந்தால் புளித்துவிடும். புளித்ததை எவ்வளவு காய்ச்சினாலும் இறுகாது, கையில் ஒட்டிக்கொண்டு இளகியே கிடக்கும். சுண்ணாம்பு கூடினால் கருப்பட்டி கறுத்துக் கசக்கும். அதனால் மரத்திலிருந்து இறங்கியதுமே வடிகட்டி அடுப்பில் ஏற்றியாக வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், தனக்கே முடியவில்லை என்றாலும் அன்றைய அக்கானியை அன்றே காய்ச்ச வேண்டும். பாட்டிக்கு ஏன் ஒரு நாள்கூட ஓய்வில்லை என்பதற்கு இதுதான் காரணம். புத்தகத்தில் இதைச் சொன்னாலே போதும், ‘ஓடாய்த் தேய்ந்தவர்’ தேவைப்படாது.

கொதி ஏறியதும் நுரை பொங்கும். ஆமணக்குக் கொட்டையைத் தட்டிச் சிறிது போட்டால் அடங்கும். மூன்று நான்கு மணி நேரம் கழித்து நிறம் தேனுக்கு வந்து, பிறகு சிவந்து, குமிழ்கள் சிறுத்து, கடைசியில் பெரிதாகி மெதுவாக உடையும். அந்தக் கட்டத்தில்தான் கண்ணை எடுக்கக் கூடாது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் திரண்டு உருட்ட வர வேண்டும். முந்தினால் கருப்பட்டி கட்டியாகாது, பிந்தினால் அடிபிடித்து அன்றைய உழைப்பு முழுதும் கசப்பாகப் போகும். பதம் வந்ததும் இறக்கி, பாத்திரத்தின் ஓரத்தில் துடுப்பால் தேய்த்துக் கிண்டினால் மணல் மணலாகத் திரிய ஆரம்பிக்கும். தண்ணீரில் ஊறவைத்த தேங்காய்ச் சிரட்டைகளில் உடனே ஊற்ற வேண்டும். சிரட்டை காய்ந்திருந்தால் கருப்பட்டி ஒட்டிக்கொண்டு உடைந்து வரும், உடைந்ததற்குச் சந்தையில் விலை கிடையாது.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு சங்கடம் உண்டு. பருவம் முடியுமுன்பே, ஆனியில் மழை பிடித்துவிடும். விறகு நனையும். செய்து வைத்த கருப்பட்டியும் ஈரக்காற்றில் கசியும். அதை ஓலைப்பெட்டியில் கட்டி, அடுப்புப் புகை படும்படி பரணில் ஏற்றுவார்கள். அந்தப் புகையிலேயே ஆண்டாண்டாக இருந்தவர்களின் கண்ணைப் பற்றிக் கேளுங்கள், பாட்டிக்கு எப்போதும் கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்ததா என்று. பாகு தெறித்த தழும்பு எந்தக் கையில் இருந்தது என்றும் கேளுங்கள். பேரப்பிள்ளைகள் எல்லோரும் அதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள்.

பருவமில்லாத மாதங்களில் பெட்டி முடைந்தது, பாய் முடைந்தது, மரச்சீனி நட்டது எல்லாம் வரும். பெரியத்தை சொல்கிறபடி சுருக்கமாக எழுதினால் போதும்.

ஒரு விஷயத்தை மட்டும் ஆண்களிடம் கேட்காதீர்கள். ‘பெத்தது எத்தனை, தங்கினது எத்தனை’ என்பதைப் பெரியத்தையிடமோ, பக்கத்து வீட்டு வயதான பெண்களிடமோ தனியாகக் கேளுங்கள். பிள்ளைகளின் வரிசையில் இரண்டு இரண்டு வருட இடைவெளி வந்துகொண்டிருக்கும்போது நடுவில் நான்கு, ஐந்து வருடம் வெறுமையாக இருந்தால், அங்கே பெரும்பாலும் பெயரில்லாத ஒரு குழந்தை இருக்கும். ‘துக்கத்தை எதற்குக் கிளற வேண்டும்’ என்று வீட்டில் யாராவது தடுப்பார்கள். தடுத்தாலும் ஒரு வரியாவது எழுதுங்கள். அந்தக் குழந்தையையும் அவர்தான் சுமந்தார், அடுப்பின் முன்னால் நின்றுகொண்டே சுமந்தார்.

பெரியத்தையிடம் காலையில் போங்கள், சாப்பிட்டு முடித்து அவர் சற்று உட்கார்ந்திருக்கும் நேரம். ஒரு தடவைக்கு அரை மணி நேரம் போதும், அடுத்த நாள் மீண்டும் போகலாம். போனில் பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் குரலைவிட அந்த இரைச்சல்தான் கேட்கும். ‘பாட்டி எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் நீங்கள் ஏற்கெனவே எழுதிய இரண்டு பக்கம்தான் திரும்ப வரும். ஒரு சிரட்டையும் ஒரு துடுப்பும் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்து, ‘பாட்டி எப்படிக் கிண்டுவா?’ என்று கேளுங்கள். அந்தக் கை எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.