உள்ளேர்ந்து வர்ற படம்: யுங் பத்தின கேள்வி பதில்

கேள்வி: விஷனரி ஆர்ட்னா கனவு மாதிரி கலர்கலரா வரையறதா?

பதில்: கலர்ல ஒண்ணும் இல்லங்க. சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங் 1930ல ஒரு கட்டுரைல படைப்ப ரெண்டா பிரிச்சார். ஒண்ணு காதல், குடும்பம், குற்றம்னு நமக்குப் பழகின வாழ்க்கைலேர்ந்து வர்றது, பாத்ததும் பிடிபட்டுடும். இன்னொண்ணு எங்கேர்ந்து வந்துச்சுன்னு படைச்சவருக்கே தெரியாது, பாக்குறவங்களுக்கும் திகைப்பா இருக்கும், சில நேரம் அருவருப்பாகூட இருக்கும். இதத்தான் விஷனரின்னார். ஜெர்மன் எழுத்தாளர் கோத்தேயோட ஃபாஸ்ட் நாடகத்துல முதல் பாகம் முதல் வகை, ரெண்டாம் பாகம் ரெண்டாவது வகை.

கேள்வி: எல்லாம் அடக்கி வச்ச ஆசைதானே, உளப்பகுப்பாய்வ ஆரம்பிச்ச ஃப்ராய்ட் சொன்ன மாதிரி?

பதில்: ஃப்ராய்ட் 1910ல ஓவியர் லியனார்டோ டா வின்சியோட சின்ன வயசு நினைவ வச்சு ஓவியத்த விளக்கப் பாத்தார். ஓவியர தெரிஞ்சுக்க அது உதவும், ஓவியம் ஏன் முன்னபின்ன தெரியாத நம்மள உலுக்குதுன்னு அது சொல்லாது. இதுல நான் யுங் பக்கம்தான்.

கேள்வி: யுங்கே வரைஞ்சாராமே?

பதில்: ஆமா, அத நினைச்சா எனக்கு இன்னும் சிலிர்க்குது. 1913 டிசம்பர், மேசைல உக்காந்திருக்கார், சரி விழுந்துடுவோம்னு மனச விட்டுடறார், கால்கீழ தரை நழுவின மாதிரி இருட்டுக்குள்ள போறார், ஏதோ பிசுபிசுன்னு மெத்துன்னு ஒண்ணுல கால் படுது, அப்புறம் ஒரு குள்ள உருவம், தோல் காஞ்ச பிணம் மாதிரி, அதத் தாண்டிப் போனா ஒளிவிடற சிவப்புக் கல்லு, அதத் தூக்குனா அடியில தண்ணி ஓடுது, தண்ணில ஒரு பையனோட பிணம் மிதந்து போகுது. இத மாதிரி வந்தத எல்லாம் நோட்டுல எழுதி, அப்புறம் சிவப்புத் தோல் அட்டை போட்ட பெரிய புத்தகத்துல அழகான கையெழுத்துல படத்தோட ஏத்தினார், கிட்டத்தட்ட 16 வருஷம். அந்த ரெட் புக் அச்சுல வந்தது 2009ல, அவர் போய் 48 வருஷம் கழிச்சு.

கேள்வி: அப்ப அவரும் ஓவியர்தானே?

பதில்: எழுதறப்போ உள்ள ஒரு பெண் குரல் "இது கலை"ன்னுச்சாம். இல்லவே இல்லன்னு அதோட வாதாடினார். கலைன்னு ஒத்துக்கிட்டா வெறும் பார்வையாளரா உக்காந்து ரசிச்சுட்டுப் போயிடலாம், வந்த உருவத்துக்குப் பதில் சொல்ற பொறுப்பு போயிடும்ங்கறதுதான் அவர் பயம். எனக்கு இதுதான் முக்கியமாப் படுது.

கேள்வி: எனக்கு வரையவே வராது, பயமாவும் இருக்கு. முயற்சி பண்ணலாமா?

பதில்: தாராளமா. அழகா வரணும்னு அவசியமே இல்ல. கனவுல மிச்சமிருக்கற ஒரே ஒரு உருவத்த எடுங்க, அது தானா நகர்ற வரைக்கும் பாத்துட்டே இருங்க, "என்ன வேணும்"னு கேளுங்க, வர்றத கிறுக்குங்க. உடனே அர்த்தம் தேடாதீங்க. ஆனா யுங் அப்போ தினமும் நோயாளிங்கள பாத்துட்டு, மனைவி அஞ்சு பிள்ளைங்கன்னு குடும்பத்தோடதான் இருந்தார், அந்தப் பிடிதான் தன்ன நிலைகுலையாம வச்சதுன்னு சொன்னார். அதனால தூக்கம் கெட்டுச்சு, இல்லாத குரல் பகல்லயும் கேட்குதுன்னா பேப்பர மூடி வச்சுட்டு டாக்டர பாருங்க.