சிகரெட் பிடிப்பவருக்கு ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்கு 58 வயது. முப்பது வருடமாக சிகரெட் பிடிக்கிறார், எவ்வளவு சொல்லியும் விடவில்லை. ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரை நுரையீரலைக் காப்பாற்றும் என்று தோழி சொன்னாள். இரண்டு மாதமாக வாங்கிக் கொடுக்கிறேன். டப்பாவில் பீட்டா கரோட்டின் என்று போட்டிருக்கிறது. கேரட்டில் இருப்பதுதானே, தொடரலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

நறுக்கிய ஆப்பிள் கொஞ்ச நேரத்தில் பழுப்பாகிவிடும். எலுமிச்சைச் சாறு தடவிய துண்டு மட்டும் நிறம் மாறாமல் இருக்கும். அந்தச் சாற்றின் புளிப்பும் வைட்டமின் சி-யும் சேர்ந்து செய்கிற வேலை அது. ஆக்ஸிஜனால் வரும் இப்படிப்பட்ட கெடுதலைத் தடுக்கும் பொருள்களைத்தான் ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்கிறோம்; வைட்டமின் சி-யும் பீட்டா கரோட்டினும் அந்த வகை. நம் உடம்புக்குள்ளும் இப்படித்தான் நடக்கும் என்று யாருக்கும் தோன்றும். காய்கறி, பழம் நிறைய சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு, அவர்கள் ரத்தத்தில் பீட்டா கரோட்டினும் அதிகம் என்று பல ஆய்வுகள் வேறு சொல்லின. சரி, அதையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்று ஆராய்ச்சியாளர்கள் நினைத்தார்கள்.

பின்லாந்தில் கொடுத்தே பார்த்தார்கள். 50 முதல் 69 வயதுவரை உள்ள, சிகரெட் பிடிக்கிற ஆண்கள் 29,133 பேர். சிலருக்கு தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், சிலருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுபவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. ஐந்திலிருந்து எட்டு வருடம் இப்படி. 1994-ல் வந்த முடிவைப் பார்த்து எல்லோரும் அதிர்ந்துபோனார்கள். பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது.

ஏதோ தற்செயல் என்றுதான் நானும் அப்போது நினைத்தேன். அமெரிக்க ஆய்வு அந்த நினைப்பைத் துடைத்துவிட்டது. புகைப்பவர்கள், புகைத்து விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை பார்த்தவர்கள் என்று 18,314 பேர் அதில் இருந்தார்கள். பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-யும் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம், மரணம் 17 சதவீதம் கூடுதல். 1996 ஜனவரியில், முடிய இன்னும் 21 மாதம் இருக்கும்போதே மாத்திரையை நிறுத்தினார்கள்.

உங்கள் அப்பாவின் வயதும் பழக்கமும் அப்படியே பின்லாந்து ஆய்வில் இருந்தவர்களுடையதுதான். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஆனால் இரண்டு மாதம் கொடுத்துவிட்டோமே என்று மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். அவர்கள் சாப்பிட்டது வருடக்கணக்கில்.

வீட்டில் வேறு சத்து மாத்திரை இருந்தால் அந்த லேபிளையும் பாருங்கள். விழித்திரைத் தேய்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளிலும் பீட்டா கரோட்டின் உண்டு. புகைப்பவர்களுக்கு அதற்குப் பதில் லூட்டின் என்ற வேறொரு சத்து சேர்த்த வகை இருக்கிறது, கண் மருத்துவரிடம் கேளுங்கள். சிகரெட்டை விடுவதற்கு தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையும் நிகோடின் சூயிங்கமும் பலருக்கு உதவுகின்றன. ஒரு தடவை அப்பாவையே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

அப்புறம், கேரட்டுக்குத் தடை இல்லை. அந்த ஆய்வுகளில் கெடுதல் செய்தது மாத்திரைதான். பச்சையாகவோ வேகவைத்தோ தாராளமாகக் கொடுங்கள்.