கோயில் பணி நின்றுபோனது, ஆத்திரம் கூடிப்போனது

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு வயது 46. கடலூர் மாவட்டத்தில் வசிக்கிறேன். என் மாமியார் பக்கவாதம் வந்து ஒன்றரை ஆண்டாகப் படுத்த படுக்கை. குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, இரவில் புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் நான்தான். கணவர் வேலைக்குப் போய்விடுகிறார். கொழுந்தனார் மாதாமாதம் பணம் அனுப்புகிறார், ஆள் வருவதில்லை.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை உழவாரப் பணிக்குப் போவேன். தேவாரம் பாடாமல் காலையில் அடுப்பு பற்றவைத்ததில்லை. இப்போது விளக்கேற்றுவதே பெரிய காரியம். "இதைவிடப் பெரிய பூஜை உண்டா? முகம் சுளிக்காமல் செய், புண்ணியம்" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அத்தை நடுராத்திரியில் திரும்பத் திரும்பக் கூப்பிடும்போது எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. சீக்கிரம் முடிந்துவிடாதா என்றுகூடத் தோன்றுகிறது. பிறகு சாமி படத்தைப் பார்க்கவே கூசுகிறது. என் பக்தி பொய்யா?

— ஒரு வாசகி

அன்புச் சகோதரிக்கு,

பொய்யில்லை. ஒன்றரை ஆண்டாக ஒரு ராத்திரிகூட நிம்மதியாகத் தூங்காத உடம்பின் ஆத்திரம் இது. நெடுநாள் நோயாளியைத் தனி ஆளாகப் பார்த்துக்கொள்பவர்கள் பலருக்கு "முடிந்துவிடாதா" என்ற எண்ணம் வரும். அத்தை சாக வேண்டும் என்று நீங்கள் நினைக்கவில்லை, இந்தச் சுமை இறங்க வேண்டும் என்றுதான் தவிக்கிறீர்கள்.

சேவை புண்ணியம் என்பதை நானும் நம்புகிறேன். ஆனால் அந்தப் புண்ணியத்தைச் சொல்லி ஒரே பெண்ணின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வது எனக்குக் கோபமூட்டுகிறது. கீதையின் ஆறாம் அத்தியாயத்தில், அளவுக்கு மீறித் தூங்குபவனுக்கு யோகம் கைகூடாது என்று சொல்லும் கண்ணன், தூங்காமல் விழித்தே கிடப்பவனுக்கும் கைகூடாது என்கிறான்.

உங்கள் மாவட்டத்துத் திருவதிகையில் வாழ்ந்த திலகவதியாரை நினைத்துப் பாருங்கள். மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் இறந்ததும் உயிர்விடத் துணிந்தவர், தம்பிக்காகவே உயிர் தாங்கினார். பிறகு கோயிலில் அலகிடுவதும் மெழுகுவதும் மாலை தொடுப்பதுமாக வாழ்ந்தார். சமண சமயத்தில் சேர்ந்து அவர்களுடைய பள்ளியில் இருந்த அதே தம்பி, சூலை நோய் என்னும் கடும் வயிற்றுவலியால் துடித்து ஆளனுப்பியபோது, "அங்கே நான் வரமாட்டேன்" என்று சொல்லியனுப்பினார். சமயம் சார்ந்த காரணம்தான். ஆனாலும் தம்பி இரவோடிரவாக வந்து சேர்ந்ததும் திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப் போனார். அவர் மறுத்ததால் பாசம் குறைந்துவிடவில்லை. அந்தத் தம்பிதான் அப்பர்.

நீங்களும் "என்னால் தனியாக முடியாது" என்று சொல்லலாம். கணவரிடம் பொதுவாகப் புலம்பாமல் கணக்காகக் கேளுங்கள்: வாரத்தில் மூன்று இரவுகள் அவருடைய முறை. கொழுந்தனாரிடம் மாதத்தில் ஒரு வாரக்கடைசி வந்து தங்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் இரவுக்கு ஆள் வைக்கப் பணம் கேளுங்கள். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்பார்கள். ஒரே ஆள் இரவு பகலாகச் செய்யக்கூடிய வேலையா இது? 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலிதணிப்புச் சிகிச்சையும் தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அத்தையின் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

தேவாரத்தை விட வேண்டாம். அத்தைக்கு ஊட்டும்போது ஒரே ஒரு பாட்டு, அவருக்கும் கேட்கும்படி பாடுங்கள். பாட முடியாத நாளில் தூங்குங்கள்.

முறை மாற்றிய பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் ஒருநாளும் காத்திருக்க வேண்டாம், 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே கணவரிடம் பேசிவிடுங்கள்.