எல்லோருக்கும் தெரிகிற பறவை எனக்கு மட்டும் ஏன் தெரிவதில்லை?

கேள்வி: வசந்தம் தொடங்கும் நேரத்தில் ஒரு குழுவோடு பறவை பார்க்கப் போகிறேன். இதற்கு முன் இப்படிப் போனபோது, "அதோ!" என்று ஒருவர் சொன்னதும் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். நான் பைனாகுலரைத் தூக்கினால் வெறும் கிளைதான் தெரிந்தது. தேடி முடிப்பதற்குள் பறவை பறந்துவிட்டது. நான் மூக்குக்கண்ணாடி போடுபவன். இன்னும் பெரிதாகக் காட்டும் பைனாகுலர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: வாங்காதீர்கள். பெரிதாக்கும் திறன் கூடக்கூடக் கண்ணுக்குள் அடங்கும் பரப்பு சுருங்கும். கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். பறவையைத் தேடிப் பிடிப்பது இன்னும் கடினமாகிவிடும். 8×42 என்று எழுதியிருக்கும் பைனாகுலர் உங்களிடம் இருந்தால் அதுவே போதும். அது 8 மடங்கு பெரிதாக்கும், முன்பக்க லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அத்தனை மில்லிமீட்டர். 10×42 என்றால் அது 4.2 ஆகக் குறைந்துவிடும். விடியல் வெளிச்சத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

முதலில் கருவியை உங்கள் கண்ணுக்குப் பொருத்துங்கள். கண் வைக்கும் பக்கத்தில் உள்ள வளையங்களை முழுவதும் உள்ளே திருகிவிடுங்கள். கண்ணாடி போட்டவர்கள் அவற்றை வெளியே நீட்டி வைத்தால் காட்சியின் ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் சிறு வட்டம்தான் தெரியும். பிறகு, வலது முன்லென்ஸைக் கையால் மூடி, இடது கண்ணால் தொலைவில் ஏதாவது ஒன்றைப் பார்த்து, நடுச் சக்கரத்தைத் திருகித் தெளிவாக்குங்கள். அப்புறம் இடது பக்கத்தை மூடி, அதே பொருளை வலது கண்ணால் பார்த்து, வலது குழாயில் இருக்கும் சிறு வளையத்தை மட்டும் சரிசெய்யுங்கள். பெரும்பாலான பைனாகுலர்களில் அது அங்கேதான் இருக்கும். இதை ஒருமுறை செய்துவிட்டால் போதும்.

ஆனால் உங்கள் சிக்கலின் வேர் கருவியில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தலையைக் குனிந்து, பைனாகுலரைப் பார்த்து, கண்ணில் வைத்த பிறகு பறவையைத் தேடுவார்கள். அதைத் தலைகீழாக்குங்கள். வெறுங்கண்ணால் பறவையைப் பிடியுங்கள். பார்வையை அதிலிருந்து எடுக்காமல், முகத்தையும் அசைக்காமல், பைனாகுலரை மட்டும் மேலே கொண்டுவந்து கண்ணுக்கும் பறவைக்கும் நடுவில் வையுங்கள். ஜன்னலருகே நின்று, தொலைவில் தெரியும் ஒரு கம்பத்தின் உச்சியையோ கிளை நுனியையோ இப்படிப் பிடித்துப் பழகுங்கள். நடைக்குப் போகும் முன் சில நாள் செய்தாலே கை படிந்துவிடும்.

குழுவில் "அதோ" என்ற சொல்லால் யாருக்கும் பயனில்லை. எந்த மரம் என்று முதலில் கேளுங்கள். அந்த மரத்தின் தலைப்பகுதியைக் கடிகார முகமாக எடுத்துக்கொண்டு, உச்சி 12 மணி, வலது ஓரம் 3 மணி என்று சொல்லச் சொல்லுங்கள். "வெள்ளைப் பட்டை மரம், 2 மணி, ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே" என்று ஒருவர் சொன்னால் யாரும் கண்டுபிடித்துவிடலாம். அப்படியும் தெரியவில்லையா? சொன்னவரின் தோளுக்குப் பின்னால் நின்று, அவர் பார்க்கும் கோட்டிலேயே பாருங்கள். தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். நல்ல வழிநடத்துநர் காத்திருப்பார்.

நீங்கள் தேர்ந்தெடுத்த பருவம் உங்களுக்குச் சாதகமானது. குளிர்காலத்தில் இலை உதிர்க்கும் மரங்கள் இன்னும் தழைத்திருக்காது, அதனால் மறைவு குறைவு. பகல் நீள நீள, பறவையின் உடலில் இனப்பெருக்க ஹார்மோன்கள் கூடும். ஆண் பறவைகள் தங்கள் எல்லையை அறிவிக்க எடுப்பான கிளைகளில் உட்கார்ந்து பாடும். பலவும் பாடிய இடத்துக்கே திரும்பத் திரும்ப வரும். அதனால் ஒரு பறவை பறந்துவிட்டால் குழுவோடு உடனே நகர்ந்துவிடாதீர்கள். சில நிமிடம் அசையாமல் நின்றால் அதே கிளைக்கு வர நல்ல வாய்ப்பு உண்டு. எனக்கு இந்தப் பருவம் இவ்வளவு பிடித்திருப்பதற்கு இந்த இரண்டாவது வாய்ப்பும் ஒரு காரணம்.

காதையும் திறந்து வையுங்கள். பட்டுப்போன மரத்திலிருந்து படபடவென்று வேகமாகத் தட்டும் ஒலி கேட்டால், மரங்கொத்தி இரை தேடுகிறது என்று எண்ண வேண்டாம். பாட்டுக்குப் பதிலாக அது தன் எல்லையை அறிவிக்கும் முறை அது. உள்ளங்கைகளைக் காதுக்குப் பின்னால் குவித்துத் தலையை மெல்லத் திருப்பினால் ஒலி வரும் திசை பிடிபடும். மெர்லின் போன்ற செயலிகள் ஒலியைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும். உதவிதான், ஆனால் அதை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு பறவையைக் கண்ணால் தேடுங்கள். ஸ்டார்லிங் போன்ற பறவைகள் மற்றவற்றின் குரலை அப்படியே எடுத்துப் பாடக்கூடியவை.

ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பறவையை வெளியே வரவழைக்க அதன் பாட்டைப் போனில் ஒலிக்கவிடுவது இந்தப் பருவத்தில் வேண்டவே வேண்டாம். எதிரி ஒருவன் தன் எல்லைக்குள் வந்துவிட்டான் என்று நம்பி, ஆண் பறவை பாடுவதையும் இரை தேடுவதையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். நெடுந்தொலைவு வலசை வந்து இறங்கி, உடலில் சேமித்த கொழுப்பெல்லாம் கரைந்துபோன பறவைக்கு அந்த அலைச்சல் பெரிய செலவு. குழுவில் யாராவது போனை எடுத்தால், வயதில் மூத்தவராகவே இருந்தாலும், வேண்டாம் என்று தன்மையாகச் சொல்லிவிடுங்கள்.